வராத விலைப்பணமும் வக்கீல் செலவும்



"உறவு போகாமல் கெட்டது; கடன் கேட்காமல் கெட்டது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். விளைவிப்பதில் நாம் காட்டும் அக்கறையை, விற்ற பொருளுக்குப் பணம் வாங்குவதில் காட்டுகிறோமா? மஞ்சளையோ வெங்காயத்தையோ வாழைத்தாரையோ வியாபாரி களத்திலேயே எடை போட்டு ஏற்றிச் செல்கிறார். பாதிப் பணம் கையில் தருகிறார். "மீதியைப் பதினைந்து நாளில் தருகிறேன்" என்கிறார். பதினைந்து நாள் இரண்டு மாதமாகிறது. இரண்டு மாதம் இரண்டு வருடமாகிறது. கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் வக்கீல் வீட்டு வாசல் நினைவுக்கு வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டால் நல்ல வழக்கும் வீணாகும்.

இந்தப் பாடத்தில், வராத பணத்தைச் சட்டப்படி வசூலிப்பது எப்படி, வக்கீலை வைத்துக்கொண்டால் என்ன செலவாகும், எந்த நிலுவைக்கு வழக்குப் போடலாம், எதற்குப் போடாமல் இருப்பது நல்லது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கையில் என்ன சான்று இருக்கிறது?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. அளந்தால் மட்டும் போதாது. அளந்ததை எழுதி வாங்கவும் வேண்டும். நீதிமன்றம் உங்கள் வியர்வையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாது. சான்றைப் பார்த்தே சொல்லும். விற்பனை நாளிலேயே கீழ்க்கண்டவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எடைச் சீட்டு: தேதி, மூட்டை எண்ணிக்கை, எடை, வண்டி எண் ஆகியவற்றோடு.

2. விலைச் சீட்டு: ஒரு குவிண்டாலுக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார் என்ற விவரம், வாங்கியவர் கையெழுத்து.

3. வாங்கியவர் யார் என்ற விவரம்: "மண்டிக்காரர்" என்றால் போதாது. கடையின் முழுப் பெயர், உரிமையாளர் பெயர், கதவு எண்ணுடன் முகவரி வேண்டும். கமிஷன் மண்டி மூலம் விற்றிருந்தால், பணம் தரவேண்டியவர் மண்டிக்காரரா, வெளியூர் வியாபாரியா என்பது சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

4. பாக்கித் தொகை பெரிதானால், புரோநோட்: முறைப்படி ரெவினியூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு அபராதம் கட்டியும் அதைச் சரிசெய்ய முடியாது.

கைப்பேசியில் வந்த செய்திகளும் சான்றாகும். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று வியாபாரி அனுப்பிய செய்தியை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டப்படி, இத்தகைய மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழுடன் தாக்கல் செய்ய வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். செய்தி உள்ள கைப்பேசியை மாற்றாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

மூன்றாண்டுக் கெடு

எல்லாவற்றிலும் முக்கியமானது காலவரையறை. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற பொருளின் விலைக்கும், கைமாற்றாகக் கொடுத்த கடனுக்கும், கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகளே உண்டு. அந்த நாள் கடந்தால் கடன் உண்மையானதாக இருந்தாலும் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யும்.

மூன்று ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் உழவர் 2024 மார்ச் 10 அன்று 10 குவிண்டால் மஞ்சளைக் குவிண்டால் 12,000 ரூபாய்க்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000 ரூபாய். அன்றே 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பாக்கி ஒரு லட்சம்.

கெடு எதுவும் பேசவில்லை என்றால், சரக்கு கைமாறிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதாவது 2027 மார்ச் 10க்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அறுபது நாள் தவணை பேசியிருந்தால், தவணை முடிந்த 2024 மே 9 முதல் எண்ண வேண்டும். அதன்படி 2027 மே 9 கடைசி நாள்.

இந்தக் கெடுவைப் புதுப்பிக்கவும் வழி உண்டு. கெடு முடிவதற்குள், "இவ்வளவு பாக்கி தரவேண்டியது உண்மை" என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். கெடுவுக்குள் ஒரு பகுதிப் பணம் கொடுத்து, அதை அவர் தம் கையால் எழுதினாலும், எழுதியதில் கையெழுத்திட்டாலும் அப்படியே. மேற்சொன்ன வியாபாரி 2025 ஜூன் 15 அன்று 10,000 ரூபாய் கொடுத்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மீதி 90,000 ரூபாய்க்கு 2028 ஜூன் 15 வரை நாள் கிடைக்கும். கையெழுத்தில்லாமல் பணத்தை மட்டும் வாங்கினால் இந்தப் பயன் இல்லை. வங்கி வழியாகப் பணம் வந்தாலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

கெடு முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்து இந்தப் பயனைத் தராது என்பதை மறந்துவிடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாலும் கெடு நீளாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "நோட்டீஸ் விட்டாயிற்று" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள், நாள் ஓடிவிடுகிறது.

வக்கீலிடம் போகுமுன்

சில நிலுவைகளுக்கு நீதிமன்றத்துக்கு முன்பே கேட்க ஓர் இடம் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்ற சரக்கானால், முதலில் அக்கூடத்தின் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். அங்கு வாங்கும் வியாபாரி உரிமம் பெற்றவர். உரிமத்துக்குக் கேடு வரும் என்றால் பணம் தானாக வரும்.

கரும்பு உழவர்களுக்கு 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை துணை நிற்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தரவேண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. பாக்கியை நிலவரி நிலுவை போல ஆட்சியர் மூலம் வசூலிக்கவும் அவ்வாணையில் வழி உண்டு.

பணம் வராத கோபத்தில் வியாபாரியின் வண்டியைப் பிடித்து வைப்பதும், ஆள் வைத்து மிரட்டுவதும், கட்டப் பஞ்சாயத்துக்குப் போவதும் கூடவே கூடாது. பணம் கேட்கவேண்டிய நீங்கள் குற்றவாளியாக நிற்க நேரிடும். காவல் நிலையமும் சாதாரணப் பாக்கியை வசூலித்துத் தரும் இடமன்று. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பலரிடம் சரக்கெடுத்துத் தலைமறைவானவர் மீது மோசடிப் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் நோட்டீஸ்

வக்கீலைப் பார்க்கப் போகும்போது சீட்டுகள், புரோநோட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, நடந்தவற்றைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாதகமான செய்தியையும் மறைக்காதீர்கள். "சரக்கில் ஈரம் இருந்தது, விலை குறைக்க வேண்டும்" என்று வியாபாரி அப்போதே சொல்லியிருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைத்தால் நட்டம் நமக்குத்தான்.

நோட்டீசில் பாக்கித் தொகை, அது எப்படி வந்தது, எத்தனை நாளில் தரவேண்டும் என்பவை இருக்க வேண்டும். வட்டி கேட்கப்போவதாகவும் எழுதச் சொல்லுங்கள். வட்டி பற்றி எழுத்தில் எதுவும் பேசாதபோது, 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, வட்டி கோருவதாக அறிவித்த நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி வழங்கலாம். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் அவ்வளவும் போய்விடக்கூடும்.

முன்பு நோட்டீசைப் பதிவு அஞ்சலில் அனுப்புவது வழக்கம். 2025 செப்டம்பரில் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே ஒப்படைப்புச் சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். சரியான முகவரிக்கு அனுப்பிய உறை "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால், அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவும் சான்றே.

கொடுக்க வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் பலர் நோட்டீஸ் கண்டதும் பேச்சுக்கு வருவார்கள். அப்போது தவணை கொடுத்தால் அதையும் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் அனுப்புவதற்கான செலவு மட்டுமே ஆனதால், இதுவே மலிவான கட்டம்.

காசோலை திரும்பி வந்தால்

வியாபாரி கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் குற்ற வழக்குத் தொடரலாம். இதில் நாள் கணக்கு மிகக் கண்டிப்பானது.

காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், காசோலைத் தொகையைக் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வங்கிச் செய்தி ஜனவரி 5இல் கிடைத்தால் பிப்ரவரி 4க்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஜனவரி 24இல் அவர் நோட்டீசைப் பெற்றால் பிப்ரவரி 8 வரை அவருக்கு நாள் உண்டு. அதன் பின்னும் தராவிட்டால் மார்ச் முதல் வாரம் முடியும்முன் வழக்கைப் போட்டுவிட வேண்டும். ஆதலால் காசோலை திரும்பிய வாரத்திலேயே வக்கீலைப் பாருங்கள். "மறுபடி போடுங்கள், இந்தத் தடவை பணம் இருக்கும்" என்ற பேச்சை நம்பி நாளை ஓட்டாதீர்கள்.

குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2018இல் செய்த திருத்தப்படி, குற்றத்தை மறுத்து வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். உங்கள் கணக்கில் போட்ட காசோலையானால், உங்கள் வங்கிக் கிளை உள்ள எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

உரிமையியல் வழக்கும் செலவுக் கணக்கும்

காசோலை இல்லாதபோது, தொகையைப் பொறுத்து மாவட்ட முன்சீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ பண வழக்குப் போட வேண்டும். வியாபாரி இருக்கும் இடத்திலோ, விற்பனை நடந்த இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம். உங்கள் களத்தில் எடை போட்டு ஏற்றியிருந்தால் உங்கள் பகுதி நீதிமன்றமே போதும்.

செலவுகள் நான்கு வகை.

முதலாவது நீதிமன்றக் கட்டணம். தமிழ்நாட்டில் இது கோரும் தொகையில் 7.5 சதவீதமாக இருந்தது; 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் கோரினால் 3,000 ரூபாய். வழக்குப் போடும்போதே இதைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது வக்கீல் கட்டணம். இதற்கு ஒரே விலை என்று இல்லை. வழக்கின் அளவையும், வக்கீலின் அனுபவத்தையும், ஊரையும் பொறுத்து மாறும். முதல் சந்திப்பிலேயே வெட்கப்படாமல் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு? தவணை உண்டா? இதில் எழுத்துச் செலவு சேர்ந்ததா? தீர்ப்புக்குப் பின் நிறைவேற்று மனுவுக்குத் தனிக் கட்டணமா? பேசியதைக் குறித்து, கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். "வசூலாவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு" என்று வக்கீல் பேசக் கூடாது. வழக்கறிஞர் மன்ற விதிகள் அதைத் தடை செய்கின்றன. அப்படிப் பேசுபவரிடம் வழக்கைக் கொடுக்காதிருப்பதே நல்லது.

மூன்றாவது சில்லறைச் செலவு: சம்மன் படி, தட்டச்சு, நகல் முதலியவை. நான்காவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அது உங்கள் போக்குவரத்தும், சாட்சியின் செலவும், தோட்ட வேலை கெட்ட நாட்களும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் நீதிமன்றக் கட்டணம் தவிர மற்றவை புரிவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. பாக்கி ஒரு லட்சம். நீதிமன்றக் கட்டணம் 3,000. வக்கீலுக்குப் பேசியது 15,000. சில்லறைச் செலவு 2,000. பன்னிரண்டு தடவை போய்வர, தடவைக்கு 500 வீதம் 6,000. ஆக 26,000 ரூபாய். தீர்ப்பை நிறைவேற்ற மேலும் 6,000 என்றால் மொத்தம் 32,000 ரூபாய்.

வென்றால் வழக்குச் செலவும் சேர்த்துத் தீர்ப்பாகும் அல்லவா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் செலவழித்த அவ்வளவும் வராது. நீதிமன்றக் கட்டணம் சேரும். வக்கீல் கட்டணமோ விதிகளில் சொன்ன அளவுக்கே சேரும். நீங்கள் கொடுத்த அளவுக்கு அன்று. கெட்ட வேலை நாளுக்கு ஈடு இல்லை. எனவே ஒரு லட்சம் பாக்கிக்கு வழக்குப் போடுவதில் பொருளுண்டு. 15,000 ரூபாய் பாக்கிக்கு இதே வழியில் போனால், மேய்ச்சல் கூலி மாட்டு விலையைத் தாண்டிய கதையாகிவிடும்.

தீர்ப்பு கிடைத்தால் பணம் கிடைத்ததாகுமா?

ஆகாது. தீர்ப்புக்குப் பின்னும் அவர் தராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். இதற்குப் பன்னிரண்டு ஆண்டு வரை காலம் உண்டு. அவருடைய வங்கிக் கணக்கு, சரக்கு, வாகனம், மனை ஆகியவற்றைப் பற்றுகை செய்து பணம் எடுக்கலாம். எதை எடுப்பது என்பதை நீதிமன்றம் தேடித் தராது; நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே வழக்குப் போடுமுன்பே, அவர் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்று விசாரியுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது அவர் உங்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை விற்க முயன்றால், தீர்ப்புக்கு முன்பே பற்றுகை கேட்டு மனுச் செய்யலாம்.

கடன்பட்டவர் மற்றோர் உழவரானால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவர் குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடுகள், விதை ஆகியவற்றைச் சட்டம் பற்றுகையிலிருந்து காக்கிறது. நாளை நமக்கும் அந்தக் காப்பு வேண்டியிருக்கலாம்.

வியாபாரி நொடித்துப்போய், ஐ.பி. எனப்படும் "மஞ்சள் கடுதாசி" கொடுத்துவிட்டால், அதைக் கிழித்தெறியாதீர்கள். அதில் குறித்த நாளில் வக்கீல் மூலம் ஆஜராகி உங்கள் கடனை நிரூபிக்க வேண்டும். சொத்தை மறைத்திருந்தால் ஆட்சேபிக்கவும் வேண்டும். வராதவருக்குப் பங்கு கிடைப்பது அரிது.

செலவு குறைந்த வழி

சிறு பாக்கிகளுக்கு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம் ஏற்றது. உங்கள் வட்டத்து நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுத்தால், வழக்குப் போடுமுன்பே எதிராளியை அழைத்துப் பேசுவார்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் போடும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் அங்கே முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். எதிராளி உடன்படாவிட்டால் மட்டுமே மீண்டும் வழக்கு வழிக்குத் திரும்ப வேண்டும். பேச்சு நடக்கும்போதும் மூன்றாண்டுக் கெடுவின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளம் வறட்சி போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள், அரசு வகுத்த வருமான வரம்புக்குட்பட்டவர்கள் ஆகியோர் இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். பட்டா குடும்பத் தலைவர் பெயரில் இருந்தாலும், விற்பனைச் சீட்டு மனைவி பெயரில் இருந்தால் பணம் கேட்கும் உரிமை அவருடையது. அப்போது பெண் என்ற முறையில் அவருக்கு இவ்வுதவி கிடைக்கும்.

வழக்குப் போடுமுன் ஐந்து கேள்விகள்

1. மூன்றாண்டுக் கெடு என்று முடிகிறது? அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்தாயிற்றா?

2. கடன்பட்டவர் கையெழுத்துள்ள ஒரு சான்றாவது இருக்கிறதா?

3. தீர்ப்பு வந்தால் வசூலிக்க அவரிடம் சொத்தோ வருமானமோ இருக்கிறதா?

4. மொத்தச் செலவு, வரவேண்டிய தொகையில் எத்தனை பங்கு?

5. பேசி முடிக்கவும், மக்கள் நீதிமன்றத்துக்குப் போகவும் முயன்று பார்த்தோமா?

முதல் மூன்றுக்கும் தெளிவான விடை இருந்து, செலவும் தாங்கும் என்றால் தயங்காமல் வக்கீலைப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்பது விடையானால், நல்ல பணத்தைக் கெட்ட பணத்தின் பின்னே அனுப்பாதீர்கள். கிடைத்தவரை பேசி வாங்குவதே மேல்.

பயிருக்கு நோய் கண்ட பின் மருந்தடிப்பதைவிட, விதை நேர்த்தி செய்து விதைப்பது செலவு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். கடனுக்கும் அதுவே முறை. வருகிற அறுவடையில் வண்டி களத்தை விட்டுக் கிளம்புமுன், எடையும் விலையும் கெடுவும் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால், பெரும்பாலும் வக்கீல் வீட்டுப் படியேற வேண்டிய தேவையே வராது.